வடக்கே வான் வைத்த ஏரி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கனடாவின் மனிற்றோபா மாகாணத்திலுள்ள வின்னிபெக் ஏரியைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. பரப்பில் உலகின் நன்னீர் ஏரிகளுள் பத்தாம், பதினோராம் இடத்தில் வைத்து எண்ணப்படுவது, ஆழம் குறைந்தது, தண்ணீர் வடக்கு நோக்கி வடிவது. அதில் இருந்தவை இவ்வளவுதான். கடிதங்களோ குவிந்துவிட்டன. வன்னியில் வீட்டுக்கு ஒருவர் கனடாவில் இருப்பது ஒரு காரணம். குளக்கட்டில் ஏறி நின்று தண்ணீர் பார்ப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம் என்பது இன்னொன்று. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

சதுர கிலோமீற்றரில் சொன்னால் மனதில் நிற்கவில்லை. எங்கள் குளங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?
*மாணவி, உருத்திரபுரம்*

பரப்பு சுமார் 24,500 சதுர கிலோமீற்றர். வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் கூட்டினாலும் 8,900ஐ எட்டாது. இலங்கை முழுவதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஏரிக்குள் அடங்கும். வடக்கு தெற்காக நீளம் 416 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் நாட்டின் நீளமே 430 சொச்சந்தான்.

ஆழத்துக்கு வந்தால் கதை மாறும். சராசரி ஆழம் 12 மீற்றர், அதாவது நாற்பது அடி. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 36 அடி நிறைந்து நிற்கும்போது துருசடியில் உள்ள ஆழத்தை விட நாலடி கூட. மிக ஆழமான இடத்திலும் 36 மீற்றர்தான். ஆகவே இதைப் பள்ளத்தாக்கில் தேங்கிய நீராக நினைக்க வேண்டாம். தட்டையான வயலில் நின்றுவிட்ட வெள்ளம் என்று நினையுங்கள். மொத்தக் கொள்ளளவு 284 கன கிலோமீற்றர். இரணைமடு 14 கோடி கன மீற்றர் அளவில் பிடிக்கும் என்று வைத்தால், ஏறக்குறைய 2,000 இரணைமடு.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘இரணை’ என்றால் இரட்டை என்று உங்களுக்குத் தெரியும். வின்னிபெக் ஏரியும் ஓர் இரணைமடுதான். வடக்கே 111 கிலோமீற்றர் வரை அகன்ற பெரும்படுகை, தெற்கே 40 கிலோமீற்றர் அகலமான சிறுபடுகை, நடுவில் ஓரிடத்தில் இரண்டரைக் கிலோமீற்றருக்கு ஒடுங்கும் நெருக்கு. வடபடுகையின் சராசரி ஆழம் 13 மீற்றர், தென்படுகையில் 9.

என் அக்காவின் மகன் வின்னிபெக் நகரத்தில் இருக்கிறான். ‘இங்கே ஏரி ஒன்றும் இல்லை, ஆறுதான் இருக்கு’ என்கிறான். எது சரி?
*குடும்பத் தலைவி, மாங்குளம்*

அவர் சொல்வது சரி. வின்னிபெக் என்ற பெயரில் மூன்று இருக்கின்றன: நகரம், ஏரி, ஆறு. குழப்பம் அங்கேதான். நகரம் ஏரிக்கரையில் இல்லை. ஏரி அங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். தெற்கிலிருந்து வரும் றெட் ஆறும் மேற்கிலிருந்து வரும் அசினிபொயின் ஆறும் கூடும் சந்தியில் நகரம் எழுந்தது. வின்னிபெக் ஆறு நகரத்தின் பக்கமே வருவதில்லை. அது கிழக்கே, ஒன்ராறியோ எல்லையிலுள்ள லேக் ஒவ் த வூட்ஸ் என்ற ஏரியில் புறப்பட்டு, தென்படுகையின் கிழக்குக் கரையில் வந்து விழுகிறது.

குடிநீரும் இந்த ஏரியிலிருந்து எடுப்பதில்லை. கிழக்கே ஷோல் ஏரியிலிருந்து 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கொங்கிறீற் வாய்க்காலில், பம்பி இல்லாமல் சரிவை மட்டும் நம்பி 1919 முதல் தண்ணீர் வருகிறது. அந்த ஏரிக்கரையில் வாழும் பூர்வகுடிக் கிராமமான ஷோல் லேக் 40 மட்டும் 2021 வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. நகரத்துக்குக் குழாய், கரைக்குக் கேத்தல்!

பெயர் கிறீ என்ற பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது: ‘வின்’ கலங்கல், ‘நிப்பி’ நீர். கலங்கல் தண்ணீர்.

வகுப்பில் இந்த நீர்த்தொடரைப் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். இணையப் படங்களில் கோடுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. எந்த ஒழுங்கில் வரைவது?
*புவியியல் ஆசிரியர், ஒட்டுசுட்டான்*

தாளில் ஒருமுறை வரைந்து பழகுங்கள். தாளை நெட்டாக வைத்து, 1 சென்ரிமீற்றருக்கு 50 கிலோமீற்றர் என்று அளவு வையுங்கள். முதலில் ஏரி: எட்டேகால் சென்ரிமீற்றர் நீளம். அடியில் சுமார் இரண்டு சென்ரிமீற்றர் தென்படுகை, அகலம் ஒரு சென்ரிமீற்றரிலும் குறைவு. மேலே வடபடுகை, அகலம் இரண்டுக்குச் சற்று மேல். நடு நெருக்கு இந்த அளவில் அரை மில்லிமீற்றர், பென்சில் முனை பட்டாலே போதும். உள்ளே ‘217 மீ’ என்று எழுதுங்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏரிப்பரப்பின் உயரம்.

இனி இடப்பக்கம். ஏரிக்கு மேற்கே, ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி, மேலும் கீழுமாக இரண்டு நீள ஏரிகள். மேலே வின்னிபெகோசிஸ் (254 மீ), கீழே மனிற்றோபா (248 மீ). இந்த உயரங்களை எழுதாமல் விட்டால் படம் பயன்படாது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அவைதான் சொல்லும். வின்னிபெகோசிஸ் தண்ணீர் வோற்றர்ஹென் ஆற்றால் மனிற்றோபா ஏரியின் வட முனைக்கு இறங்குகிறது. அங்கிருந்து பெயர்ஃபோட் ஆற்றால் வடகிழக்கே சென். மார்ட்டின் ஏரிக்கு. கடைசியாக டோஃபின் ஆற்றால் வின்னிபெக் ஏரிக்கு. முதல் இரண்டு படியிலும் இறக்கம் கொஞ்சந்தான். கடைசிப் படியில் மட்டும் இருபத்தைந்து மீற்றருக்கு மேல். மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போகும் நம்முடைய குளத்தொடர் இதுவேதான். பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லுங்கள், உடனே விளங்கும்.

அடுத்தது பெரிய வரவுகள். வடபடுகையின் மேற்குக் கரையில் சஸ்கற்சுவான் ஆறு. றொக்கி மலைகளில் பிறந்து, அல்பேற்றா, சஸ்கற்சுவான் மாகாணங்களைக் கடந்து, பெரிய சதுப்புக் கழிமுகம் ஒன்றில் விரிந்து, சீடார் ஏரிக்குள் நுழைந்து, கிராண்ட் றப்பிட்ஸ் மின் அணையால் விழுகிறது. தென்படுகையின் கிழக்கில் வின்னிபெக் ஆறு. எல்லா ஆறுகளிலும் கூடுதலான தண்ணீரைக் கொண்டுவருவது இதுதான். அடியில், நெற்லி லிபோ என்ற சதுப்பு வழியாக, றெட் ஆறு. கிழக்குக் கரை நெடுகச் சிற்றாறுகளுக்கு நாலைந்து சிறு கோடு போடுங்கள்: பிளட்வெயின், பிஜன், பெறன்ஸ், பொப்லர். கிழக்குக் கரை கருங்கல், மேற்குக் கரை சுண்ணக்கல். இந்த இரண்டு பாறையும் பொருந்தும் இடத்தில் ஏரி கிடக்கிறது. கிழக்குப் பக்கம் பச்சை, மேற்குப் பக்கம் மஞ்சள் என்று நிறம் போட்டால் அதுவும் பதியும்.

வெளியேற்றம் ஒன்றே ஒன்றுதான். வட முனையில் நெல்சன் ஆறு. ஏறத்தாழ 640 கிலோமீற்றர் ஓடி ஹட்சன் குடாவில் சேர்கிறது. அதை முழுதாக வரையத் தாள் காணாது. வடகிழக்கு நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு ‘0 மீ’ என்று எழுதிவிடுங்கள்.

மாணவர் படங்களில் வழக்கமாக வரும் பிழைகள் மூன்று. ஒன்று, றெட் ஆற்றின் அம்பைத் தெற்கு நோக்கி வைப்பது. வரைபடத்தில் கீழே உள்ளதுதான் தாழ்ந்தது என்ற எண்ணம் அதற்குக் காரணம்; வடக்கே ஓடும் நம் கனகராயன் ஆற்றைக் காட்டித் திருத்தலாம். இரண்டு, அசினிபொயின் ஆற்றை மனிற்றோபா ஏரிக்குள் விடுவது. இயற்கையில் அந்தத் தொடுப்பு இல்லை. 1970இல் போட்டேஜ் லா பிறேறி என்ற ஊரில் வெட்டிய 29 கிலோமீற்றர் வெள்ள வாய்க்கால் மட்டுமே உண்டு. அதைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். மூன்று, மனிற்றோபா ஏரியின் தென் முனை நகரத்துக்குக் கிட்ட இருப்பதால் அது தெற்கே வடிகிறது என்று நினைப்பது. அதன் வாசலும் வடக்கேதான்.

றெட் ஆறும் கனகராயன் ஆறு போல வடக்கே ஓடுகிறது என்கிறீர்கள். எங்களுக்கு மார்கழி மழையில் வெள்ளம். அங்கே மழையே இல்லாத சித்திரையில் வெள்ளம் வருகிறதாமே?
*வாசகர், நெடுங்கேணி*

வடக்கே ஓடுவதால்தான் வருகிறது. ஆறு தொடங்குவது அமெரிக்காவில், வடக்கு டக்கோற்றாவும் மினசோற்றாவும் தொடும் எல்லையில். இளவேனில் தெற்கில் முந்தி வரும். அங்கே பனி உருகி ஆற்றில் இறங்கும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். உருகிய நீரும் உடைந்த பனிக்கட்டியும் வந்து உறைந்த பகுதியில் முட்டும். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆற்றை அடைக்கும். பின்னால் தண்ணீர் ஏறும். நிலமும் உறைந்திருப்பதால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்து மண் ஊறி உறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சரிவும் இல்லை. 877 கிலோமீற்றர் ஓட்டத்தில் மொத்த இறக்கம் எழுபது மீற்றர் அளவு. கிலோமீற்றருக்கு எட்டுச் சென்ரிமீற்றர். வயல் வரம்புக்குள் தண்ணீர் பரவுவது போல வெள்ளம் பக்கவாட்டில் பரவும். 1997 வெள்ளத்தில் இந்தப் பள்ளத்தாக்கு பெரியதோர் ஏரியாகவே கிடந்தது.

நகரத்தைக் காப்பது றெட் ஆற்று வெள்ள வாய்க்கால். 1950 வெள்ளத்துக்குப் பின் திட்டமிட்டு, 1962இல் தொடங்கி 1968இல் முடித்தார்கள். மாகாண முதல்வர் டஃப் றொப்ளின் பெயரால் ‘டஃபின் கிடங்கு’ என்று அன்று பகிடி பண்ணினார்கள். இன்று அதே பெயரை மரியாதையாகச் சொல்கிறார்கள். நகரத்துக்குத் தெற்கே ஆற்றிலிருந்து பிரிந்து, கிழக்கால் சுற்றி, 47 கிலோமீற்றர் கடந்து, லொக்போட் அருகே மீண்டும் ஆற்றில் சேரும்.

பலர் தவறாக விளங்கிக்கொள்வது கதவை. கதவு வாய்க்காலின் வாயில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. 34 மீற்றர் அகலமான இரண்டு உருக்குக் கதவுகள் மற்றக் காலமெல்லாம் ஆற்றடியில் படுத்திருக்கும். வெள்ளம் வந்ததும் அவற்றைக் கீழிருந்து மேலே எழுப்புவார்கள். ஆறு தடுபட்டு மேற்பக்கம் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர் தானாகவே வாய்க்காலுக்குள் திரும்பும். அதாவது நம் வான்கதவு திறந்தால் ஊருக்குள் தண்ணீர். அவர்கள் கதவு மூடினால் நகரத்துக்குள் வெள்ளம் இல்லை. 1997க்குப் பிறகு வாய்க்காலை அகட்டினார்கள். இப்போது செக்கனுக்கு 4,000 கன மீற்றர் கொள்ளும். அந்த வேகத்தில் இரணைமடு பத்து மணித்தியாலத்தில் நிறைந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கதவை எழுப்பினால் மேலேயுள்ள கிராமங்களில் நீர் ஏறும். ‘இந்தக் கட்டுமானம் இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடிய மட்டத்துக்கு மேல் ஏற்றக்கூடாது’ என்பது அடிப்படை விதி. மிக அவசரத்தில் அதை மீறினால் நட்டஈடு கொடுக்கச் சட்டம் உண்டு. மேற்பக்கக் கிராமங்கள் ஊரைச் சுற்றி வட்ட அணை கட்டியிருக்கின்றன. பனிக்கட்டி அடைப்பு லொக்போட்டுக்குக் கீழே விழுந்தால் இந்த வாய்க்காலால் பயனில்லை. அதற்கு முன்கூட்டியே பனிக்கட்டியை வாளால் கீறியும், இயந்திரத்தால் உடைத்தும் வைக்க வேண்டும்.

நகரத்தைக் காக்க வெட்டிய போட்டேஜ் வாய்க்காலால் வேறு யாருக்கும் பாதிப்பு இல்லையா?
*அதே வாசகர்*

உண்டு. அசினிபொயின் தண்ணீரைச் செக்கனுக்கு 700 கன மீற்றர் அளவில் மனிற்றோபா ஏரிக்குத் திருப்புவதற்காக அது கட்டப்பட்டது. 2011இல் அதற்கும் மேலாகவே திருப்பினார்கள். ஏரிக்குள் போவதற்குப் பெரிய வழி, வெளியே வருவதற்குப் பெயர்ஃபோட் ஆறு என்ற சின்ன வழி. மனிற்றோபா ஏரிக்கரை வீடுகளும் மேய்ச்சல் நிலங்களும் மூழ்கின. பெயர்ஃபோட் கதவைக் கூடுதலாகத் திறந்ததும் அந்தத் தண்ணீர் அதனிலும் சிறிய சென். மார்ட்டின் ஏரியில் ஏறியது. அதன் கரையிலிருந்த பூர்வகுடிச் சமூகம் முழுதாக இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் ஊர் திரும்ப முடியாமல் இருந்தது. இடம்பெயர்வு என்றால் என்ன என்று வன்னிக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டே சென். மார்ட்டினிலிருந்து அவசர வாய்க்கால் ஒன்று வெட்டினார்கள். ஆனால் அது வெள்ளத்துக்குப் பிறகு வந்த வாய்க்கால். தொடர்குளத்தில் மேற்குளத்து வரவை அகட்டுமுன் கீழ்க்குளத்து வானை அகட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு.

வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தால் ஏரியின் கதவை முன்னமே திறந்து இறக்கி வைக்கலாமே? அங்கே கதவு யார் கையில்?
*விவசாயி, விசுவமடு*

2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் எல்லாரும் கேட்ட கேள்வி இது. வின்னிபெக் ஏரிக்கான பதில் வேறு.

கதவு மனிற்றோபா ஹைட்ரோ என்ற மாகாண மின் நிறுவனத்தின் கையில். ஏரிக்கு நேர் வாசலில் அணை இல்லை. வட முனைக்கு அப்பால், நெல்சன் ஆற்றின் மேற்குக் கிளையில் ஜென்பெக் என்ற இடத்தில் 1970கள் முதல் மின் அணை இயங்குகிறது. அதோடு ஏரியின் இயற்கை வாசல் ஒடுக்கமாகவும் ஆழமில்லாமலும் இருந்ததால், பக்கத்தில் இரண்டு மைல் வாய்க்கால், எட்டு மைல் வாய்க்கால் என்று புது வழிகள் வெட்டினார்கள். இவற்றால் முன்னிருந்ததை விட 50 வீதம் வரை கூடுதலாக வெளியேற்றலாம்.

அனுமதிப்பத்திரத்தின் விதி சுருக்கமானது. ஏரி மட்டம் கடல் மட்டத்திலிருந்து 711 அடிக்கும் 715 அடிக்கும் இடையில் இருக்கும்வரை மின் தேவைக்கு ஏற்ப விடலாம். 715ஐத் தாண்டினால் மின்சாரக் கணக்கை விட்டுவிட்டு முழு அளவில் திறக்க வேண்டும். 711க்குக் கீழே போனால் அரசு சொல்கிறபடி.

இனி உங்கள் கேள்வி. இந்த ஏரி முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் இறங்க வேண்டுமானால் ஒன்றே முக்கால் இரணைமடுத் தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு அடி இறக்க ஐம்பதுக்கும் மேல். பல கிழமைகள், மாதங்கள் எடுக்கும் வேலை. ஒரு சதுர கிலோமீற்றர் ஏரிக்கு நாற்பது சதுர கிலோமீற்றர் நீரேந்து பிரதேசம் இருக்கிறது: நாலு கனேடிய மாகாணம், நாலு அமெரிக்க மாநிலம், மொத்தம் பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்குக் கிட்ட. ஈரமான ஆண்டில் வரவு, செலவை எளிதில் மிஞ்சும். கதவு முழுக்கத் திறந்திருக்கும்போதே மட்டம் ஏறிக்கொண்டிருக்கும். நம் குளத்தில் கதவைத் திறப்பவர் ஒரு இரவில் மட்டத்தை மாற்றலாம். அங்கே முடியாது.

குளிர்காலத்திலும் ஒரு சிக்கல். மின்சாரம் அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். ஆனால் வாசலில் பனிக்கட்டி படிந்து வழி ஒடுங்குவதும் அப்போதுதான். புது வாய்க்கால்கள் வெட்டியதற்கு இதுவும் காரணம். இயற்கையில் குளிர்காலத்தில் குறைந்தும் கோடையில் கூடியும் ஓடிய நெல்சன் இப்போது பெருமளவு தலைகீழாக ஓடுகிறது. கீழே குறொஸ் லேக் என்ற இடத்தில் வாழும் கிறீ மக்களுக்கு மீன்பிடியும் பனிப்பாதையும் கெட்டன. 1977இல் வட வெள்ள உடன்படிக்கை என்று ஒன்று எழுதப்பட்டது. அதை நிறைவேற்றுவது பற்றிய பிணக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் இழுபட்டது. ஏரித் தண்ணீரால் பாயும் வயல் எதுவும் அங்கே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவுக் கூட்டத்தில் கமக்காரர் குரலுக்குப் பதில் மின் இயந்திரத்தின் குரல்.

காற்றில் ஏரித் தண்ணீர் ஏறி இறங்கும் என்கிறார்கள். கடல் போல வற்றுப்பெருக்கு உண்டா?
*ஆசிரியை, முள்ளியவளை*

வற்றுப்பெருக்கு இல்லை. காற்றுத்தான். வாடை பலமாக வீசினால் 400 கிலோமீற்றர் நீளத் தண்ணீர் தெற்கே தள்ளுண்டு, தென் கரையில் ஒரு மீற்றருக்கு மேலும் ஏறும். நெருக்கு வழியாக வடபடுகைத் தண்ணீரும் தெற்கே நுழையும். காற்று விழுந்ததும் எல்லாம் திரும்பி ஓடும். ஆழம் குறைந்த ஏரியில் இது கூடுதலாக நடக்கும், ஏனென்றால் மேலே தள்ளப்பட்ட நீர் அடியால் திரும்பி ஓட இடம் போதாது. அலையும் செங்குத்தாக, கிட்டக் கிட்ட வரும். சிறு வள்ளத்துக்குக் கடல் அலையை விட இது ஆபத்து. இதனால்தான் 715 அடி என்ற கணக்கைக் காற்றின் விளைவைக் கழித்து, பல அளவு நிலையங்களின் சராசரியில் எடுக்கிறார்கள். ஒரு கரையில் நிற்கும் அளவுகோலை மட்டும் பார்த்து ‘விதியை மீறிவிட்டார்கள்’ என்று சண்டை பிடிப்பது அங்கும் நடக்கும்.

ஏரி உறைஞ்சா மீன்பிடி நிண்டுபோகுமே? பனிக்கட்டிக்குக் கீழ வலையை எப்பிடி விடுறது?
*மீனவர், அளம்பில்*

நிற்காது. கார்த்திகை அளவில் உறைந்து வைகாசி வரை பனிக்கட்டி கிடக்கும். வலை விடுவதற்கு அங்கே ‘ஜிகர்’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ஆளுயரத்தை விடச் சற்று நீளமான மிதக்கும் மரப்பலகை, நடுவில் நீளத் துவாரம், அதில் ஓர் இரும்பு நெம்புகோல், நெம்புகோலில் கயிறு.

முதலில் பனிக்கட்டியில் பலகை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் வெட்டுவார்கள். பலகையை அதனால் உள்ளே விட்டு, வலை போக வேண்டிய திசைக்குத் திருப்புவார்கள். மிதப்பதால் அது பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் நெம்புகோலின் நுனி பனிக்கட்டியில் ஊன்றிப் பலகையை முன்னே தள்ளும். கயிற்றைத் தளர்த்தினால் நெம்புகோல் பழைய இடத்துக்கு வரும். மறுபடி இழுக்க, மறுபடி தள்ளும். இப்படியே வலையின் நீளத்துக்குப் போகும். மேலே ஒருவர் அதைப் பின்தொடர்ந்து நடப்பார். தெளிந்த பனிக்கட்டி என்றால் பலகை கண்ணுக்குத் தெரியும். வெண்பனி மூடியிருந்தாலோ பனிக்கட்டி வெளிறியிருந்தாலோ தெரியாது, தட்டும் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அது நின்ற இடத்தில் இரண்டாவது துவாரம் வெட்டிப் பலகையை எடுத்தால், இரண்டு துவாரத்துக்கும் நடுவே கயிறு ஓடியிருக்கும். முதல் துவாரத்தில் வலையைக் கட்டி இரண்டாவதால் இழுக்க வலை விரிந்துவிடும்.

தலைப்புகளைத் துவாரத்தின் குறுக்கே வைத்த தடியில் கட்டுவார்கள். மேல்கயிறு பனிக்கட்டியைத் தொடாதபடி தாழ விட வேண்டும். பனிக்கட்டி கீழ்ப்பக்கமாகத் தடித்துக்கொண்டே வருவதால், தொட்ட வலை உறைந்து பிடிபட்டுவிடும், அறுத்துத்தான் எடுக்கலாம். வலையை எடுக்கும்போது ஒரு தலைப்பில் நீளக் கயிறு கட்டி விட்டால், மீனைக் கழற்றிய பின் அதே கயிற்றால் வலையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் ஜிகர் தேவையில்லை.

நடக்கக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு, சிறிய காருக்கு 30 என்பது பொது எச்சரிக்கை. ஆற்று வாயிலும் நெருக்கிலும் நீரோட்டம் இருப்பதால் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. மீனில் பெயர்போனது வோல்ஐ. அங்கே அதைப் பிக்கறல் என்கிறார்கள். வடக்கே வெள்ளைமீன். புகையிட்ட கோல்ட்ஐ மீன் அந்நாட்டுக் கருவாடு மாதிரி, வின்னிபெக் பெயரிலேயே விற்கும்.

செயற்கைக்கோள் படத்தில் ஏரி பச்சையாகத் தெரிகிறது. எங்கள் குளத்துப் பாசிதானா?
*விவசாயக் கல்லூரி மாணவர், வவுனியா*

நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி, உண்மையில் பற்றீரியா. சில வகை நஞ்சையும் வெளிவிடும். மூல காரணம் பொசுபரசு. பசளை, கால்நடை எரு, நகரக் கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. றெட் ஆறு ஏரிக்குக் கொண்டுவரும் தண்ணீர் சிறு பங்குதான், பொசுபரசில் பாதிக்கு மேல் அதனுடையது. களிமண் பள்ளத்தாக்கு, உறைந்த மண்ணின் மேலால் வழியும் பனிநீர், வடிகால் வெட்டிக் காயவைத்த சதுப்புகள் எல்லாம் சேர்ந்து வயலில் போட்டதை நேரே ஆற்றில் இறக்குகின்றன.

நைதரசனைக் குறைத்தால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். இந்தப் பற்றீரியாக்களில் பல வளியிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். வடமேற்கு ஒன்ராறியோவின் ஆய்வு ஏரிகளில் 226 என்ற இலக்கமுடைய ஏரியை 1973இல் பிளாஸ்ரிக் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் காபனும் நைதரசனும், மறுபக்கம் அவற்றோடு பொசுபரசும் போட்டார்கள். பொசுபரசு போட்ட பக்கம் மட்டும் பச்சையானது.  2013இல் வரிக்குதிரைச் சிப்பி என்ற வெளிநாட்டு மட்டியும் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. படகின் அடியிலும் நீர்க்குழாயிலும் ஒட்டிப் பெருகும். வந்த பின் அகற்ற வழியில்லை. அதனால்தான் அங்கே படகைக் கழுவி, வடித்து, காயவைத்து அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

ஏரி தெற்கே நகர்கிறது என்று ஒருவர் சொன்னார். பகிடியா?
*வாசகர், மல்லாவி*

பகிடி இல்லை. பனியுகத்தில் அந்த நிலத்தின் மேல் கிலோமீற்றர் தடிப்பில் பனிக்கட்டி கிடந்து அமுக்கியது. அது உருகி அகாசி என்ற பேரேரி உண்டாகி, எண்ணாயிரம் ஆண்டுகள் முன் வடிந்துபோனது. வின்னிபெக், மனிற்றோபா, வின்னிபெகோசிஸ் எல்லாம் அதன் மிச்சம். றெட் பள்ளத்தாக்கின் தட்டைக் களிமண் அதன் அடி. பாரம் போன நிலம் இன்னும் மெல்ல எழும்புகிறது. பனி கூடுதலாகக் கிடந்த வடக்கு வேகமாக எழும்புகிறது. வாசல் வடக்கே இருப்பதால், தட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் போலத் தண்ணீர் தெற்கே சாய்கிறது. நூற்றாண்டுக்கு இருபது சென்ரிமீற்றர் அளவு வித்தியாசம். தென்கரை அரிப்புக்கு முழுப் பழியையும் மின் அணையில் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தத் தொடரில் படகிலேயே கடல் வரை போகலாமா?
*மாணவன், பாண்டியன்குளம்*

ஒருகாலத்தில் போனார்கள். விலங்கு உரோமத் தோல் வணிகப் படகுகள் ஏரியின் வட முனையிலுள்ள நோர்வே ஹவுஸ் வழியாக ஹட்சன் குடாவின் யோர்க் பக்ரறிக்குச் சென்றன. நெல்சனில் ஆற்றுவீழ்ச்சிகள் அதிகம் என்பதால் பக்கத்து ஹேய்ஸ் ஆற்றைப் பிடித்தார்கள். இரண்டையும் தொடுப்பது எச்சிமாமிஷ் என்ற ஒடுங்கிய நீர்வழி. அது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும். கிறீ மொழியில் பெயரின் பொருளும் அதுவே. இன்று நெல்சனில் போனால் அணைகளைத் தாண்டப் படகைத் தோளில் தூக்க வேண்டும்.

*திருத்தம்:* சென்ற இதழ்க் குறிப்பில் ஏரியின் நீர் ‘வட துருவக் கடலுக்கு’ என்று அச்சாகிவிட்டது. ஹட்சன் குடாவுக்கு என்று வாசிக்கவும். சுட்டிக்காட்டிய துணுக்காய் வாசகருக்கு நன்றி.